நாத்தனார் மாட்டிய பெல்ட்

அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி ஒரு வட்டத் தொட்டிக்குள் அடக்கம். நடுவில் பனிக்கட்டி டப்பா, அதுதான் துருவம். விளிம்பைச் சுற்றிச் சூடு, அது நிலநடுக்கோடு. இடையில் இருக்கும் தண்ணீர்தான் காற்று. தொட்டியை வேகமாகச் சுழற்றினால், ஊற்றிய சாயம் வளைந்து நெளிந்து சுழிகளாக உடையும். நம் பூமியின் காற்று அப்படித்தான் அலைகிறது. மெல்லச் சுழற்றினாலோ, வெந்நீர் மேலாகவே பனிக்கட்டி வரை போய், கீழே இறங்கி, அடிவழியாகத் திரும்ப வேண்டும். சூடு ஒன்றேதான், காற்றின் தலையெழுத்தை மாற்றுவது சுழலும் வேகம் என்பது அவள் வாதம்.

வாதம் சரிதான், மோட்டார்தான் சண்டித்தனம் செய்தது. வேகமாக ஓடச் சொன்னால் ஓடும். மெல்ல ஓடச் சொன்னால் விக்கி விக்கித் தண்ணீரையே கலக்கிவிடும். மறுநாள் காலை தேர்வாளர் வருகிறார். இரண்டையும் கண்ணால் காட்டாவிட்டால் பட்டம் கிடையாது. ஆய்வுக்காலமும் அந்த வாரத்தோடு முடிகிறது.

மதியம் வீட்டுக்கு வந்தவள் தட்டைத் தொடவில்லை. வாசல் அறையில் தைத்துக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். "தண்ணியச் சுத்த விடறதுக்கு ஒரு படிப்பு" என்று அவள் குத்திக் காட்டாத நாளில்லை.

"என்ன அண்ணி, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

வேறு வழியில்லாமல் சொன்னாள்.

"மோட்டார ஏன் வதைக்கிறீங்க? அது இஷ்டத்துக்கு ஓடட்டும். தொட்டிக்கு அடியில பெரிய சக்கரம் ஒண்ணு மாட்டி பெல்ட் போட்டா, தானா மெதுவாச் சுத்திட்டுப் போகுது."

சொன்னதோடு நிற்கவில்லை மகராசி. தன் தையல் மிஷினின் கீழ்ச் சக்கரத்தையே பெல்ட்டோடு கழற்றிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, தொட்டிக்கு அடியில் படுத்து மாட்டிவிட்டுப் போனாள். தொட்டி விக்காமல் மெல்லச் சுழன்றது. சாயம் நேராகப் பனிக்கட்டியைத் தேடிப் போனது. அண்ணிக்கு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை தேர்வாளரின் கண்ணில் பட்டது.

"ரெண்டும் நல்லா வந்திருக்கு. ஆனா மோட்டார நேராக் கோத்து வேகமா ஓட்டினப்ப இடப்பக்கமாச் சுத்துச்சு, இப்ப பெல்ட்டுல வலப்பக்கமாச் சுத்துதே?"

குனிந்து பார்த்தாள். பெல்ட் குறுக்காகப் பின்னிக் கிடந்தது. தெரிந்தே செய்ததாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

"என் நாத்தனார் குறுக்க மாட்டியிருக்காங்க சார். இப்பத்தான் பாக்கறேன். திசை மாறினா சாயத்தோட வளைவுதான் மாறும், ஓட்டம் மாறாது." அப்போதுதான் அவளுக்கே பொறி தட்டியது. "சார், வெள்ளிக் கோளும் இப்படித்தான்! ஆமை வேகத்துல, பூமிக்கு எதிர்ப்பக்கமாச் சுத்துது. அங்கயும் காத்து கிட்டத்தட்ட துருவம் வரைக்கும் ஒரே ஓட்டமாப் போகுது."

அவர் சத்தமாகச் சிரித்தார். "உங்க நாத்தனார் வெள்ளியையே செஞ்சு குடுத்திருக்காங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சக்கரத்தையும் பெல்ட்டையும் மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பினாள். பள்ளிச் சீருடைக் குவியலுக்கு நடுவே நாத்தனார் ஊசியால் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது. மிஷின் ஓடாமல் நேற்றிலிருந்து அப்படித்தான் தைக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏம்மா குறுக்க மாட்டினே?"

"நேரா மாட்டினா வழுக்கும் அண்ணி, குறுக்க போட்டா கெட்டியாப் பிடிக்கும். ஐயையோ, தப்பாயிடுச்சா?"

"பட்டம் கெடச்சிடுச்சு. உன்னாலதான். நீ குறுக்க மாட்டினதுல தொட்டி வெள்ளிக் கோள் மாதிரி எதிர்ப்பக்கமாச் சுத்துச்சு, அதுதான் அவருக்குப் பிடிச்சுது. இத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அழுவதை மறைக்க மிஷினுக்கு அடியில் குனிந்து சக்கரத்தை மாட்டத் தொடங்கினாள். நாத்தனாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இதுக்கு பெல்ட்ட நேராவே மாட்டுங்க. இல்லேன்னா இதுவும் வெள்ளி மாதிரி எதிர்ப்பக்கமா ஓடும். சீருடையெல்லாம் நாளைக்குக் குடுக்கணும்."