மூலை கறுத்த அட்டைகள்

1

அந்தக் காலை ஆவண அறையில் இருந்தவர்கள்:

டாக்டர் சீனிவாசராகவன். அறுவை மருத்துவர். கையில் தன் ஆய்வுக் கட்டுரையின் தட்டச்சுப் படி.
அலர்மேல்மங்கை. ஆவண எழுத்தர். நோயாளிகளுக்கு அவள் ரைட்டரம்மா.
கோவிந்தப்பா. பியூன். தபால் அவர் பொறுப்பு.
நாற்பத்தெட்டு நோயாளிகள். மர இழுப்பறைக்குள், கோப்புகளாக.

அய்யாவு அங்கே இல்லை. ஆஸ்டின் டவுன் கொத்தனார், வயது ஐம்பத்திரண்டு. மாடி வார்டில் குடல் கழுவப்பட்டுக் காத்திருந்தார். கதை அவருடையது.

எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டு, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தபோது, கழித்துக் கட்டிய காகிதங்களுக்கு நடுவே 1961ஆம் வருடத்துக் கட்டுரைப் படி ஒன்று கிடைத்தது. மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்து வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு. ‘இருபதில் பதினேழு’ என்று தட்டச்சாகியிருந்தது. யாரோ அதைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் ‘முப்பத்தொன்பதில் பதினேழு’ என்று எழுதியிருந்தார்கள். கிடைத்தது அவ்வளவுதான். பெயர்கள், பேச்சு, எல்லாம் நான் போட்டவை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “பெங்களூரின் குளிர்ந்த காலையில், மருத்துவமனை மரங்களின் மேல் பனி…”

வேண்டாம். புற்றுநோய்க்குப் பனி எதற்கு?

அடுத்தது: “மரணம் என்பது ஒரு”

இதுவும் வேண்டாம். டாக்டரின் வேலைமுறையிலிருந்தே தொடங்குகிறேன்.

அறுவை முடிந்து ஐந்து வருடம் ஆனவர்களின் வீட்டுக்கு ஒரு தபால் அட்டை போகும், பதில் அட்டை இணைத்து. கேள்வி இரண்டு. இருக்கிறாரா? இல்லையென்றால், எப்போது? தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று அந்தந்த வீட்டுக்கு ஏற்றபடி அலர்மேல்மங்கை எழுதினாள். நாற்பத்தெட்டு போயின. அவள் மேசைக்கு இருபது திரும்பின. பதினேழு பேர் இருந்தார்கள், மூன்று பேர் இல்லை. மீதி இருபத்தெட்டு வீடுகளிலிருந்து பதில் இல்லை. வீடு மாறியிருப்பார்கள் என்று டாக்டர் அவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார். நூற்றுக்கு எண்பத்தைந்து.

[அந்த எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்ல எண்ணை யாரும் இரண்டாம் முறை கூட்டிப் பார்ப்பதில்லை.]

3

அதற்கு ஒரு வாரம் முன்பு, அய்யாவுவின் முகவரியைக் குறித்துக்கொள்ள அலர்மேல்மங்கை வார்டுக்குப் போயிருந்தாள். அவர் மனைவி முத்தம்மா கட்டிலருகே தரையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“ரைட்டரம்மா, இந்த ஆபரேசன் பண்ணிக்கினவங்க எத்தினி பேரு பொழைக்கிறாங்க?” என்று கேட்டார் அய்யாவு.

“டாக்டரைக் கேளுங்களேன்.”

“அவரு தமிழையும் இங்கிலீஸ்லதான் பேசுறாரு. நீ சிமெண்டுக் கலவைக் கணக்கா சொல்லு. எத்தினிக்கு எத்தினி?”

“பத்துக்கு எட்டு.”

“அட! நல்ல கலவைதான்.” அவர் மனைவியைப் பார்த்தார். “கேட்டியாடீ? பாதிக்கு மேல இருந்தா வெட்டட்டும், பாதிக்குக் கீழன்னா வூட்டுக்குப் போயிடலாம்னு சொன்னேன்ல? வயித்துல ஓட்டை போட்டு, மலத்துக்குப் பைய கட்டிக்கினு சாவுறதுக்கு, சும்மாவே செத்துடலாம்.”

“பைய கட்டிக்கினு சாரத்துல ஏறுவியா?”

“ஏறுவேன். நீ கீழ நிக்காத.”

முத்தம்மா சிரித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

[அய்யாவுவை முதல் படியில் தைரியசாலியாக எழுதினேன். பொய்யாக இருந்தது. வெட்டாவிட்டால் ஒரு வருடம் தாங்காது என்று டாக்டர் அவரிடம் சொல்லியாயிற்று. அப்படியிருக்க, பாதி என்று ஒரு கோடு எதற்கு? தெரியவில்லை. பயத்துக்கு நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவர் அங்கே கோடு போட்டார். பையோடு வாழச் சம்மதிக்க அவர் கேட்ட விலை அது என்றும் சொல்லலாம். அதைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை.]

4

அறுவை நாள் காலை. பத்தரைக்கு ஆபரேஷன் தியேட்டர். கட்டுரையைத் தபாலில் சேர்க்கும் முன் அலர்மேல்மங்கை அட்டைகளைக் கடைசியாக ஒருமுறை அடுக்கினாள். இறந்துபோன மூன்று பேரின் அட்டைகளும் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழிலும் கன்னடத்திலும் எழுதுகிற வீடுகளில் ஒருவர்கூடச் சாகவில்லை.

அவள் தலை நிமிர்ந்தாள்.

“கோவிந்தப்பா, வந்த கார்டெல்லாம் எங்கிட்ட குடுத்துட்டீங்களா?”

“நல்ல கார்டெல்லாம் குடுத்துட்டேம்மா.”

“நல்ல கார்டுன்னா?”

“மூலைல மை இல்லாதது.”

சாவுச் செய்தி எழுதும் கடிதத்தின் மூலையில் கறுப்பு தடவுவார்கள். வாங்குகிறவர் படித்ததும் கிழித்துப் போடுவார், வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார். அலர்மேல்மங்கையின் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆங்கிலத்தில் எழுதிய மூன்று வீட்டாருக்கு அது தெரியாது.

“மை இருந்ததை என்ன பண்ணினீங்க?”

“ரோகிங்க படுத்திருக்கிற ஜாகாம்மா இது. உள்ள எப்பிடி கொண்டாறது? கேட்டுக்கு வெளியவே கிழிச்சுப் போட்டு, கால் கழுவிட்டு வந்தேன்.”

“எத்தனை?”

“பத்தொம்போது.”

“நிச்சயமாவா?”

“எனக்குப் படிக்கத் தெரியாது. யாருன்னும் தெரியாது. ஒரு கோடாவது இருக்கட்டும்னு வாசல் கேட் சுவத்துல கரியால போட்டு வெச்சிருக்கேன். வந்து எண்ணிப் பாருங்க.”

அவள் போய் எண்ணினாள். பத்தொன்பது.

திரும்பி வந்தபோது டாக்டர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். அவள் எண்ணிக்கையைச் சொன்னதும், இருபதை அடித்து முப்பத்தொன்பது என்று எழுதினார். நூற்றுக்கு நாற்பத்துநாலு.

“அய்யாவுகிட்ட பத்துக்கு எட்டுன்னு சொல்லியிருக்கேன் டாக்டர்.”

“ஒம்பது பேர் இன்னும் பதிலே போடலை மங்கை. அவா எல்லாரும் இருந்துட்டா பாதிக்கு மேல போயிடும்.”

“இல்லேன்னா?”

“மூணுல ஒண்ணுக்குக் கொஞ்சம் மேல.” அவர் பென்சிலை வைத்தார். “பண்ணிக்கலேன்னா எவ்வளவுன்னு உனக்கே தெரியும். அப்புறம் எதுக்கு இப்போ போய் அவனைக் கலைக்கணும்?”

“அவர் கேட்டாரே.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “நான் தடுக்கலை. கை கழுவிண்டு உள்ளே நிப்பேன். வந்தா வெட்டறேன்.”

கோவிந்தப்பா வாசலருகே நின்றுகொண்டிருந்தார். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: அவள் சொல்லவில்லை. அய்யாவு பிழைத்து, பையோடு சாரம் ஏறி, விவேக் நகரில் ஒரு மாடி வீட்டுக்குப் பூச்சு வேலை

இரண்டு: அவள் சொன்னாள். அவர் வீட்டுக்குப் போய் எட்டு மாதத்தில் செத்தார். முத்தம்மா அவளைத் தேடி வந்து

முதலாவது பொய்க்குப் பரிசு கொடுக்கிறது. இரண்டாவது உண்மைக்குத் தண்டனை கொடுக்கிறது. நோய்க்கு இந்த அக்கறை எதுவும் கிடையாது. இரண்டையும் கிழித்துப் போட்டேன். கோடு எதுவும் போட்டுவைக்கவில்லை.

6

அய்யாவு படுத்திருந்த தள்ளுவண்டி தியேட்டர் வாசலில் நின்றது. முத்தம்மாவுக்குப் படிக்கட்டின் அந்தப் பக்கம்தான் நிற்க அனுமதி. அலர்மேல்மங்கை குனிந்து, கிழிந்த அட்டைகள், கரிக்கோடுகள், பதில் வராத ஒன்பது வீடுகள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“அப்போ பத்துக்கு?”

“நாலு. நாலரைன்னு வெச்சுக்கலாம்.”

“அரை ஆளு எப்பிடி இருப்பான்?” அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “பாதிக்குக் கீழ.”

“ஆமா. இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம். நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்.”

அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். உள்ளே தட்டில் கத்திகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

“அந்த ஒம்போது பேரு?”

“தெரியாது.”

“ஒருத்தருக்கும் தெரியாதா?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

 வார்டு பாய் கால் மாற்றி நின்றான்.

“அஞ்சு வருசம் கழிச்சு எங்க வூட்டுக்கும் கார்டு வருமா?”

“வரும். நான்தான் எழுதுவேன்.”

“முத்தம்மாகிட்ட கணக்கெல்லாம் சொல்லாத. ஒண்ணே ஒண்ணு சொல்லு.” அவர் அவள் பக்கம் திரும்பினார். “என்ன எழுதினாலும், மூலைல மை தடவ வேணாம்னு சொல்லு.”

பிறகு வார்டு பாயைப் பார்த்து, “தள்ளுப்பா” என்றார்.

அந்த அட்டை 1966இல் போகும். பதில் அட்டையை வெறுமையாகவே உங்களிடம் விடுகிறேன். நிரப்ப நினைப்பவர்கள் வாசல் கேட் சுவரின் கரிக்கோடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

வண்டி உள்ளே போனது. அலர்மேல்மங்கை அதே இடத்தில் நின்றாள். தியேட்டர் நர்ஸ் சிஸ்டர் பியாட்ரிஸ் இரண்டு கதவுகளையும் சேர்த்துச் சாத்தி, உள்பக்கம் தாழ் போட்டாள்.