ஆறு வீட்டுக்கு ஒரு தொட்டி

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே டிபன் கடை நடத்துகிற இளவரசியும் கலைச்செல்வனும் முதன்முதலாகச் சொந்த வீடு வாங்கினார்கள். வந்தவாசி சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், லோகநாதன் என்ற பில்டர் வரிசையாக ஆறு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார். முதல் மனையை இளவரசி பேரில் பத்திரம் செய்து கொடுத்து, அதில் வீட்டையும் கட்டி முடித்துத் தருவதாகப் பேச்சு. அவர் தினமும் கடையில் பொங்கல் சாப்பிடுகிறவர்தான். தெரிந்த மனிதர் என்ற நம்பிக்கையில்தான் இருவரும் இறங்கினார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்கு வாடகை வீடுதான். ஒரு வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் பூட்டி வைப்பார். இன்னொருவருக்கு விடியற்காலையில் கிரைண்டர் ஓடினால் ஆகாது. அதனால் வீடு முடியப் போகிறது என்றதுமே ஆவணியில் நாள் பார்த்துப் பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, வந்து சாவியை வாங்கிக்கொள்ளும்படி லோகநாதன் போன் செய்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கலைச்செல்வன் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தான். குழாய்களைத் திறந்து திறந்து மூடினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை இளவரசி பார்த்து வெகுகாலமாகியிருந்தது. அவள் பின்பக்கம் போனாள். துணி துவைக்கவும் நாலு செடி வைக்கவும் என்று அவள் மனதில் ஒதுக்கி வைத்திருந்த இடம் முழுக்க சிமெண்ட் பலகைகள் மூடிக் கிடந்தன. செப்டிக் டேங்க் எதற்கு இவ்வளவு பெரிது என்று கேட்டாள். தாராளமாகக் கட்டியிருப்பதாகவும், இருபது வருடத்துக்கு லாரியே கூப்பிட வேண்டாம் என்றும் லோகநாதன் பெருமையாகச் சொன்னார். பக்கத்து மனையிலிருந்து ஒரு கனத்த குழாய் மதிலுக்கு அடியில் புகுந்து வருவதைக் காட்டி, இது என்ன என்றாள். அவருக்கு அப்போது பார்த்து ஒரு போன் வந்துவிட்டது.

ராகுகாலம் என்று சொல்லி அன்றைக்குச் சாவி வாங்காமல் திரும்பினாள்.

மறுநாள் காலை வியாபாரம் ஓய்ந்ததும் ஒரு பொட்டலம் மஞ்சள்தூளோடு கணவனை அழைத்துக்கொண்டு போனாள். கடைசி வீட்டில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துக் கக்கூஸில் ஊற்றினாள். அடுத்தடுத்து நாலு வாளித் தண்ணீர் விட்டாள். தங்கள் வீட்டுப் பின்பக்கம் கடப்பாரையால் பலகையை நெம்பித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான் கலைச்செல்வன். அவள் திரும்பி வந்தபோது குழாய் வாயிலிருந்து தொட்டிக்குள் மஞ்சள் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பலகையை இறக்கிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

போய்க் கேட்டபோது லோகநாதன் மறுக்கவில்லை. ஆறு வீட்டுக்கும் தனித்தனியாகத் தொட்டி தோண்டினால் தமக்குக் கட்டுப்படியாகாது என்றார். எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். கடைசியில் குரலைத் தணித்து, "பத்திரிகை குட்த்துட்டீங்க தங்கச்சி. இனிமே இன்னா பண்ண முடியும்? நல்லபடியா பாலக் காச்சிட்டு குடி வந்துடுங்க" என்றார்.

அந்த வார்த்தைதான் இளவரசியைச் சுட்டது. தெரியாமல் நடந்த தப்பில்லை இது. பத்திரிகை கொடுத்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

வீட்டில் கலைச்செல்வன், முதலில் சாவியை வாங்கிக்கொண்டு பிறகு பேசலாம் என்றான். நாள் குறித்த காரியத்தை நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவன் அம்மா பாஞ்சாலி அழுதாள்.

"யாரு நிறுத்தறேன்னு சொன்னது அத்த? அன்னிக்கே வெச்சிக்கலாம். ஆனா சாவி மட்டும் வாங்க மாட்டேன். வாங்கிட்டா அந்தாளு இந்தப் பக்கமே வர மாட்டாரு. அஞ்சு வூட்டு பீயும் நம்ம பின்னாடி வந்து வியும். அதுக்கா இவ்ளோ நாளு அடுப்புல வெந்தோம்?"

அன்று மத்தியானமே வங்கிக்குப் போய், தான் வந்து சொல்லும்வரை கடனின் கடைசித் தவணையைப் பில்டருக்கு விடவேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். மற்ற ஐந்து வீடுகளுக்கு முன்பணம் கட்டியவர்களைத் தேடிப் பிடித்துப் பத்திரிகை வைத்தாள்.

குறித்த நாளில் சாமியானா போட்டாயிற்று. வாழைமரமும் கட்டியாயிற்று. வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவுக்கு முன்னால், மனையின் வாசலில், மூன்று செங்கல் வைத்து இளவரசி அடுப்பு மூட்டினாள். உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டோவை விட்டு இறங்க மாட்டேன் என்ற பாஞ்சாலி, கலைச்செல்வனின் தம்பி வற்புறுத்திக் கூப்பிட்டதும் நேராகப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தவள் மருமகள் கையிலிருந்த பால் பாத்திரத்தை வாங்கித் தானே அடுப்பில் வைத்தாள்.

பால் பொங்கியது. எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் வந்தவர்களை இளவரசி பின்பக்கம் கூட்டிப் போனாள். நாலாம் வீட்டுக்குப் பணம் கட்டியிருந்த தீபலட்சுமி டீச்சர், இதில் தங்களுக்கு என்ன நஷ்டம் என்று நேராகவே கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. கழிவு போய்ச் சேர்வது அவள் வீட்டில் இல்லையே.

"இப்ப சொல்றேன் டீச்சர்" என்று இளவரசி கொத்தனார் வீராசாமிக்குக் கைகாட்டினாள். அவர் கலவையோடு தயாராக இருந்தார். தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கனத்த குழாயின் வாயில் செங்கல் துண்டுகளை வைத்துச் சிமெண்டை அப்பினார்.

பாதி வேலையில் லோகநாதன் வந்து சேர்ந்தார். கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பரிசுப் பெட்டி இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் முகம் மாறிவிட்டது.

"யாரக் கேட்டு அடைக்கிற?"

"யாரக் கேக்கணும்ண்ணா? மனை என் பேருல கீது. தொட்டி என் மனைல கீது."

அவர் போலீஸைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார்.

"கூட்டிக்கினு வாங்க. பத்திரத்த எட்த்துக்கினுதான் வந்துகீறேன். அவங்களும் சாப்ட்டுட்டுப் போவட்டும்."

அவள் குரல் ஏறவில்லை. அப்போது கலைச்செல்வன் வந்து அவள் பக்கத்தில் நின்றான். வீராசாமியிடம் இருந்த கரண்டியை வாங்கி, மிச்சமிருந்த கலவையை அவனே வழித்து அப்பினான். தீபலட்சுமி டீச்சர் லோகநாதனிடம் திரும்பி, தன் வீட்டுக் கழிவு இனி எங்கே போகும் என்று கேட்டாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். பரிசுப் பெட்டியோடு காருக்குத் திரும்பிய லோகநாதன் அங்கே சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கடைக்கும் வரவில்லை.

போலீஸ் வரவில்லை. மாறாக, கட்சிக்காரர் ஒருவரும் கலைச்செல்வனின் பெரியப்பாவும் சமாதானம் பேச வந்தார்கள். பெண்பிள்ளை இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்றார் பெரியப்பா. இளவரசி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிக்கொண்டே இருந்தார். மூட்டை கட்டிய சாமான்களுக்கு நடுவே படுத்து எழுந்தார்கள். கலைச்செல்வன் இரண்டு முறை, விட்டுவிடலாமா என்று கேட்டான். இரண்டு முறையும் அவள் மாவு கரைத்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தாள்.

ஐப்பசி பிறந்ததும், மற்ற ஐந்து மனையிலும் ஜேசிபி இறங்கிக் குழி தோண்டுவதாக டீச்சர் போன் செய்து சொன்னாள். ஐந்து பேரும் சேர்ந்து, தொட்டி இல்லாமல் மேற்கொண்டு பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். இளவரசி வீட்டுப் பின்பக்கத்தில் தொட்டியைச் சின்னதாக்கி, மிச்ச இடத்தில் மண் கொட்டினார்கள். போட்டுத் தருவதாகச் சொன்ன இரும்பு கேட்டை மட்டும் லோகநாதன் கடைசிவரை போட்டுத் தரவில்லை. இளவரசி வங்கியில் கடைசித் தவணையை விடச் சொன்னதும், சாவியைத் தன் மேஸ்திரியிடம் கொடுத்தனுப்பினார். ஒரு புதன்கிழமை, யாரையும் அழைக்காமல், மினிவேனில் சாமான் ஏற்றிக்கொண்டு குடி போனார்கள்.

இப்போது வீடு வாங்கப் போகிறவர்கள் கடையில் வந்து இளவரசியிடம் யோசனை கேட்கிறார்கள். சிலர் கூடவே வந்து பார்க்கச் சொல்கிறார்கள். கடைக்குக் கலைச்செல்வனை விட்டுவிட்டு அவளும் போகிறாள். தன் தொழிலில் அவள் மண்ணைப் போடுவதாக லோகநாதன் மேஸ்திரி மூலம் சொல்லி அனுப்பினார்.

"ஒயுங்கா கட்டச் சொல்லு. நான் இன்னாத்துக்கு வரப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, மேஸ்திரிக்கு இரண்டு வடை கட்டிக் கொடுத்தாள்.