கேரம் போர்டில் கள்ளாட்டம்

விளையாட்டை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது விளையாட்டா, மருந்தா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். தையல்காரருக்கு மூன்று வாரமாக அது பிடிபடவே இல்லை.

பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போனவரை, ஆஸ்பத்திரியின் கோடியறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே ஊசியும் இல்லை, பஞ்சும் இல்லை. நாலு மேசை, சீட்டுக்கட்டு, களிமண், கேரம் போர்டு. அந்த அறையைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு வார்டு வைத்த பெயர் விளையாட்டு மேடம்.

"தினம் பத்து மணிக்கு வலது கையால மட்டும் ஆடுங்க ஐயா. எத்தனை காய் விழுந்துச்சுன்னு இந்த நோட்டுல நீங்களே குறிச்சுடுங்க."

"நான் கத்திரி பிடிக்கணும் மேடம். கேரம் ஆடி என்னத்தக் கிழிக்கப்போறேன்?"

"துணியத்தான்" என்றாள் அவள். "அந்தக் காலத்துல போர்ல அடிபட்டவங்க புண்ணு ஆறியும் எழுந்திருக்க மனசில்லாம கிடந்தாங்களாம். தொண்டு செய்ய வந்தவங்க சீட்டும் பந்தும் கொண்டுவந்து கொடுத்திருக்காங்க. அப்படி வளர்ந்ததுதான் எங்க வேலை."

எதிரில் உட்கார்ந்தவர் லாரி டிரைவர். கால் முறிந்து, நடக்கப் பயந்து, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். வாய் மட்டும் முறியவில்லை.

"என்ன டெய்லரண்ணே, காய அடிக்கச் சொன்னா காஜா எடுக்கிறீங்க?"

நாலு நாள் நோட்டில் முட்டைதான். ஐந்தாம் நாள் தையல்காரருக்குப் பொறுக்கவில்லை. கை தவறியது போல இடது கையால் ஒரு காயைக் கீழே தட்டிவிட்டார்.

"தம்பி, அதக் கொஞ்சம் எடுத்துடுப்பா."

டிரைவர் முனகிக்கொண்டே எழுந்து, நடைவண்டியைத் தள்ளிப் போய், குனிந்து எடுத்து வருவதற்குள் மூன்று காய்கள் குழிக்குள் போயிருந்தன. எல்லாம் இடது கை உபயம். மேடம் அடுத்த மேசையில் களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். நோட்டில் மூன்று ஏறியது. மறுநாள் ஐந்து, அப்புறம் ஒன்பது. காய்கள் கீழே விழுவதும் கூடிக்கொண்டே போனது. விளையாட்டில் ஏமாற்றாதவன் யார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் வாரக் கடைசியில் பெரிய டாக்டர் வந்து நோட்டைப் புரட்டினார். "வலது கை நல்லா தேறிடுச்சே! நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

தையல்காரரின் மனைவிக்கு வாயெல்லாம் பல். "போன உடனே கடையத் தொறந்துடலாங்க. பள்ளிக்கூடச் சீருடை அத்தனையும் வெட்டாம கிடக்கு."

அவர் வலது கையால் டீ கரண்டியை எடுத்துப் பார்த்தார். அது நழுவித் தரையில் விழுந்தது. கரண்டியே நிற்காத கையில் கத்திரி எப்படி நிற்கும்? வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் பிழைப்பு போகும். மாத்திரையைத் துப்பியிருந்தால் தப்பு என்று தெரிந்திருக்கும். கேரமில் ஏமாற்றியதும் அந்தக் கணக்கில்தான் வருமா?

சாயங்காலம் நாலு மணிக்கு, மனைவி, டிரைவர் இருவரும் இருக்கும்போதே மேடத்திடம் போட்டு உடைத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்துமா கள்ளாட்டம்?" மனைவி தலையில் கை வைத்தாள். "வீட்டுல என்கிட்ட ஆடினது போதலையா?"

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, உங்க காயப் பொறுக்கிப் பொறுக்கியே என் கால் பயம் போயிடுச்சு! நாளைக்கு எனக்கும் வீடுதான். ரொம்ப நன்றிண்ணே."

திருடியதற்கு நன்றியா? தையல்காரர் மேடத்தைப் பார்த்தார். அவள் திட்டவில்லை.

"இந்த அறைக்கு வர்றதுக்கு முன்னாடி வார்டுல போர்வைய முகத்து மேல இழுத்துக்கிட்டுப் படுத்திருந்தீங்க. ஜெயிக்கணும்னு எப்பத் தோணுச்சு?"

"தெரியல மேடம். திட்டணும்னா திட்டிடுங்க."

"கோபம் இருக்கு. உங்க மேல பாதி, நோட்ட நம்பின என் மேல பாதி."

அவள் பேனாவை எடுத்து எழுதினாள். கை: முன்னேற்றம் இல்லை. ஆசை: வந்திருக்கிறது. டாக்டரிடம் இன்னும் மூன்று வாரம் கேட்கப் போனாள்.

"அவங்க என்ன, பாராட்டினாங்களா, ஏசினாங்களா?" என்று கேட்டார் தையல்காரர்.

"எனக்கும் வெளங்கல" என்றாள் மனைவி. "ஆனா நான் ஏசிட்டுத்தான் இருக்கேன். அது ஞாபகம் இருக்கட்டும்."

மறுநாள் காலை டிரைவர் வீட்டுக்குப் போனார். தையல்காரர் பத்து மணிக்கு வலது கையால் ஆடினார். எதிரில் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஒரு காய் விழுந்தது. அவள் நோட்டில் ஒன்று என்று எழுதினாள்.