நுனியில் காதுள்ள ஊசி

என் தங்கச்சிக்கு அப்போது எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை குழந்தை கைக்கு எட்டாமலே போய்விட்டதால், இந்த முறை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. வலி என்று சந்தேகம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். அவள் புருஷனோ லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஐந்து நாள் சாலையில்தான் குடித்தனம். அதனால் அவளைக் கூட்டிவந்து என் மாடி அறையில் படுக்க வைத்தேன். நான் கீழே, என் தையல் கடையில்.

மெஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் எனக்குக் கேட்காது. போன் எதற்கு இருக்கிறது என்பீர்கள். என் போன் எப்போதும் துணிக் குவியலுக்கு அடியில்தான் கிடக்கும். ஒரு முறை ஒரு கோட்டின் உள்துணிக்குள் அதை வைத்தே தைத்து அனுப்பிவிட்டேன். கோட்டுக்காரர் நாலு பேர் நடுவில் நெஞ்சு அதிர்கிறதென்று வெலவெலத்துப் போனார்.

சரியென்று வயர் இல்லாத மணி ஒன்று வாங்கி மாட்டினேன். எதிர்வீட்டுக்காரர் ரிமோட்டில் கார் கதவைத் திறந்தால் அது அடித்தது. மூடினாலும் அடித்தது. ஒரே நாளில் பதினோரு முறை படியேறி இறங்கினேன். பன்னிரண்டாவது தடவை அடித்தபோது, "போ சனியனே" என்று சொல்லிவிட்டு ஒரு சட்டைக் கழுத்தைத் தைத்து முடித்தேன். புலி வருது கதைதான். அந்தப் பன்னிரண்டாவது மணி நிஜம்.

நான் மேலே போனபோது தங்கச்சி தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நல்ல வேளை, வெறும் வாய்வுப் பிடிப்பு.

"கூப்பிட்டா வந்துடுவேன்னு சொன்னியேக்கா" என்றாள். அந்த மணியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியனுக்கு அரைமணி என்று பெயர். எதற்குக் கூப்பிட்டாலும் "அரைமணில வந்துடறேன்க்கா" என்று சொல்லிவிட்டு மறுநாள் வருவார். அவர் வழக்கம்போல மறுநாள் வந்து, மாடிப்படி வழியாக வயர் இழுத்து ஒழுங்கான மணி ஒன்றை மாட்டினார். வாசல் கதவு இரண்டே நாளில் அந்த வயரை நசுக்கித் துண்டாக்கியது. இனி நேராகத் தரையைத் துளைத்து இறக்குவதுதான் வழி என்றார்.

எங்கள் மாடித் தரை மேலே பலகை, கீழே பலகை, நடுவில் ஒரு முழ ஆழத்துக்குக் காலியிடம். சத்தம் இறங்காமலிருக்க எந்தப் புண்ணியவானோ அதில் மரத்தூளைக் கொட்டியிருந்தான். அரைமணியிடம் இருந்த டிரில் பிட் ஒரு சாண் நீளம்கூட இல்லை. மேலிருந்து ஒரு ஓட்டை, கீழிருந்து ஒரு ஓட்டை என்று இரண்டு போட்டு, மேல் ஓட்டையில் வயரைத் திணித்தார். நாலு முழம் உள்ளே போனது. கீழே ஒரு விரல் நீளம் வரவில்லை. கிணற்றில் போட்ட கல்தான்.

"ஒரே குத்துல மேலேர்ந்து கீழ வரணும்க்கா. நீளமா, ஒல்லியா ஒரு பிட்டு கெடைச்சாத்தான் ஆச்சு" என்றார் அரைமணி.

"தடியா இருந்தா என்ன?"

"எலி குடும்பத்தோட குடி வந்துடும்."

எதிர்வீட்டு அக்காவைத் தங்கச்சிக்குத் துணை வைத்துவிட்டு (கார் கதவுக்கு அவர்களும் ஏதாவது செய்ய வேண்டாமா?) நானும் அரைமணியும் கிளம்பினோம். முதல் கடையில், "இவ்ளோ நீளமா எதுக்கு, பாதாளத்துக்கு வழி போடறீங்களா?" என்று சிரித்தார்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் குட்டை. இரண்டாவது கடையில் நீளம் இருந்தது, ஆனால் உலக்கை கனம். அதைப் போட்டால் வயர் என்ன, நானே இறங்கி வரலாம்.

மூன்றாவது ஹார்டுவேர் கடைக்குள் நுழையும்போதே அரைமணி இழுத்தார். "இங்க முன்னாடியே பாத்திருக்கேன்க்கா. இருக்கு, ஆனா ஒதவாது."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அதையேதான் சொன்னார். "ஆறு பீஸ் இருக்கும்மா. குடுக்க மாட்டேன். எல்லாம் டிஃபெக்ட். நுனிக்கிட்ட ஓட்டை விழுந்திருக்கு. வித்தா கடை பேருதான் கெடும்."

"அந்த எடத்துலதான் பட்டுனு ஒடையும்" என்றார் அரைமணி. "வாங்க, போயிடலாம்."

"காட்டுங்கண்ணே. பாக்கறதுக்கு என்ன?" என்றேன்.

மூலையிலிருந்த அட்டைப் பெட்டியைத் தட்டித் தூசி பறக்கக் கொண்டுவந்து வைத்தார். பென்சில் கனம், இரண்டடி நீளம். நுனிக்கு ஒரு விரல் மேலே பொடி ஓட்டை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டையின் ஓரம் வழவழவென்று இருந்தது. அடுத்ததை எடுத்தேன், அதே இடம், அதே அளவு. ஆறிலும் அப்படியே. தவறு என்பது ஆறு தடவை ஒரே இடத்தில் இத்தனை அழகாக நடக்காது. தவறு செய்வதில் எனக்கு அனுபவம் உண்டு. என்னுடையது ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில்தான் இருக்கும்.

அப்புறம்தான் உறைத்தது. கை ஊசிக்குத்தான் காது பின்னால். மெஷின் ஊசிக்கு நுனியில்! தினமும் நூறு தடவை நூல் கோக்கிற காது. கடையென்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன்.

"அண்ணே, இது டிஃபெக்டே இல்ல. இது ஊசி."

"என்னம்மா சொல்ற?"

"பிட்டு தரையைத் தொளைச்சுக்கிட்டுக் கீழ எட்டிப் பாக்கும்ல, அப்ப நான் வயரை இந்தக் காதுல கோத்து முடிஞ்சு விட்டுடுவேன். மேலேர்ந்து இவர் பிட்டை உருவினா வயரும் பின்னாடியே போயிடும். அதுக்குத்தான் ஓட்டை."

கடைக்காரரின் கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்குத் தானாக இறங்கியது. "ரெண்டு வருஷமா மூலைல போட்டு வெச்சிருக்கேனே!"

"நான் பதினஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்" என்று முனகினார் அரைமணி. பாவம், வழியெல்லாம் அந்தப் பிட்டைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டுதான் வந்தார்.

அவர் மேலே, நான் கீழே. கர்ரென்று சத்தம் கேட்டது. மெஷின்களின் மேல் விரித்திருந்த துணியில் மரத்தூள் உதிர்ந்தது. தலைக்கு மேலிருந்த பலகையிலிருந்து பளபளவென்று ஒரு நுனி எட்டிப் பார்த்து, சுற்றி, நின்றது. ஸ்டூல் மேல் ஏறினேன். வயரின் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்திவிட்டேன், பழக்க தோஷம். ஒரே முயற்சியில் காதில் ஏறியது. முடிச்சுப் போட்டு, "இழுங்க!" என்று கத்தினேன்.

வயர் அசைந்தது. அப்புறம் சரசரவென்று மேலே ஏறத் தொடங்கியது. மாடியில் தங்கச்சி கைதட்டுவது எனக்குக் கேட்டது. இத்தனை நாள் அவள் கத்தியது கேட்காத இந்தக் காதுக்கு!

மேலே பொத்தான், கீழே மணி மாட்டியதும் சட்டம் போட்டோம். மணி ஒரு தடவை அடித்தால் தண்ணீர். இரண்டு என்றால் போரடிக்கிறது, வந்து பேசு. மூன்று என்றால் கத்திரிக்கோலைக்கூடப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். அதை விளையாட்டுக்கு அடித்தால் முதுகு பழுத்துவிடும் என்று எச்சரித்தேன்.

இருபத்தாறாம் நாள் பிற்பகலில் மூன்று அடித்தது. கழுத்தில் டேப்பும் விரலில் நூலுமாக ஓடினேன். அன்றைக்கு மட்டும் அரைமணி ஐந்தே நிமிஷத்தில் தன் வண்டியோடு வந்து நின்றார். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அரைமணியின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன்.

குழந்தையோடு மாடிக்குத் திரும்பிய பிறகு மணி ஒன்று, இரண்டோடு அடங்கியிருந்தது. நேற்றுக் காலை திடீரென்று மூன்று! பாதித் தையலில் மெஷினை விட்டுவிட்டு, செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகப் படியேறினேன்.

"என்னடி, என்ன ஆச்சு?"

"சிரிச்சாக்கா."

"யாரு?"

"இவதான். தூக்கத்துல இல்ல. முழிச்சுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்து!"

"அதுக்கா மூணு அடிச்ச? எனக்கு உயிரே போயிடுச்சுடி!"

என் சத்தத்துக்குக் குழந்தை திரும்பியது. கொஞ்சம் யோசித்தது. பிறகு பொக்கை வாய் முழுக்கச் சிரித்தது. முன்பு அந்த இரண்டு தடவையும் இதே கட்டிலில் நானும் தங்கச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில்தான். கத்தின கத்தலில் அந்தச் சிரிப்பு ஆரம்பித்ததைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்றும் இருந்தது.

"நான் கீழ போறேன்" என்றேன். "இன்னொரு தடவ மூணு அடி."

"எதுக்குக்கா?"

"அடிடி. மொதல்லேர்ந்து பாக்கணும்."

கீழே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். மணி மூன்று தடவை அடித்தது. ஓடினேன்.