பச்சைக் கோட்டின் முதுகு

1

"குடுத்தது யாரு? பேரைச் சொல்லுங்க."

கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த கேள்வி. இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. கேட்டவள் யிஸ்கா. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். (கேட்டது நான்தான். 'நான்' என்று எழுதினால் நன்றியை எதிர்பார்ப்பீர்கள். யிஸ்காவே இருக்கட்டும்.)

2

முதல் முயற்சி: 'வெள்ளிக்கிழமை மதியத்தின் பொன்னொளியில் ஜெருசலேம்...' வேண்டாம். யூத ஜெப ஆலயத்து நிலவறையில் வெங்காய நாற்றம். வெள்ளி மாலை ஓய்வுநாள் தொடங்குமுன் ஏழை வீடுகளுக்குப் போகவேண்டிய பெட்டிகளில் நிஸ்ஸிம் மாமா கோழியும் கேரட்டும் அடுக்கிக்கொண்டிருந்தார். கொடுப்பவருக்கு வாங்குபவர் தெரியக்கூடாது. வாங்குபவருக்குக் கொடுப்பவர் தெரியக்கூடாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அவர்; யிஸ்கா கேட்டது அவரிடம்தான். பெட்டி சுமப்பவர்கூடக் கதவைத் தட்டிவிட்டு, அது திறக்குமுன் ஓடிவிட வேண்டும்.

யிஸ்காவின் வீட்டுக்கும் பெட்டி வந்தது. பிறகு அவளுடைய கல்லூரிக் கட்டணமும் அதே வழியில் வந்தது.

3

பன்னிரண்டு வயதில் ஒருமுறை கதவைச் சீக்கிரம் திறந்துவிட்டாள். படியிறங்கும் பச்சைக் கோட்டின் முதுகு தெரிந்தது. அம்மா ஃப்ரேஹா அறைந்தாள். "அவரை ஏன்டி அவமானப்படுத்தின?" *

* அவமானம் வாங்கின எங்களுக்கா, கொண்டுவந்தவருக்கா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதே அம்மா, ஓய்வுநாள் விளக்கேற்றுமுன், அலமாரி மேலிருந்த தகர உண்டியலில் வாராவாரம் ஒரு காசு போடுவாள். வாங்குகிறவரும் கொடுத்தே ஆகவேண்டுமாம். எங்களைவிட இல்லாதவர் யார் என்று நான் கேட்டதில்லை.

4

நிஸ்ஸிமை நல்லவராக எழுத எனக்கு மனமில்லை. கெட்டவராகவும் வரமாட்டேன் என்கிறார்.

பெயர் எதற்கு, நன்றி சொல்லவா என்று கேட்டார்.

"இல்ல. பஸ்ல எதிர்ல உக்கார்ற ஒவ்வொருத்தரையும் இவரா இருக்குமோன்னு பாக்கறேன். நாலு வருஷமா யார்கிட்டயும் சண்டை போட முடியல மாமா."

"அப்படியா? போன வாரம் கோழிக்கடைக்காரன்கிட்ட நீ கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சே."

பிறகு கேரட்டைக் கீழே வைத்தார். "சொல்றேன், கண்ணு. ஆனா அவங்ககிட்ட நீ யாருன்னும் சொல்லுவேன். உங்கம்மா யாருன்னும். ஒரு பக்கத்துக்கு மட்டும் கதவு திறக்காது. சொல்லவா?"

5

முடிவு அ: பெயரைக் கேட்டுக்கொள்கிறாள். பச்சைக் கோட்டுக்காரர் அவளுடைய எதிர்வீட்டு... (சினிமா.)

முடிவு ஆ: கொடுப்பது கடவுளின் கை என்று புரிந்து அழு... அவள் அழமாட்டாள். எனக்கும் புரியவில்லை. தானம் தயவல்ல, நியாயம் என்று ஜெப ஆலயத்துக் குருவான ரபி வாரம் தவறாமல் சொல்வார். நியாயம் என்றால் எதற்கு ஓடி ஒளிய வேண்டும்?

நடந்தது இது. அவர் கேட்டு முடிக்குமுன்பே யிஸ்கா முடிவெடுத்திருந்தாள். பெயரை மறுபடி கேட்கவில்லை. மேலே இருந்த பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எந்த வீடு என்றாள்.

"மூணாவது மாடி, இடது கதவு. தட்டிட்டு ஓடிடணும், தெரியும்ல?"

பெட்டியோடு படியேறி வெளியேறினாள்.

ஓடுவாளா, நிற்பாளா? அவளுக்குத் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. மூன்றாவது மாடியில், இடது கதவுக்கு உள்ளே இருப்பது நீங்கள். தட்டும் சத்தம் கேட்டபின் எவ்வளவு நேரம் கழித்துத் திறப்பீர்கள்?