துண்டுக்கு அடியில் ஒரு விலை

1

புளி விலை ஏன் ஏறி இறங்குகிறது என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மாசி, பங்குனியில் எல்லோரும் ஒரே சமயத்தில் மரத்தை உலுக்குவதால் விலை சரியும். புரட்டாசிக்கு மேல் ஏறும். அதற்குள் புளி கறுத்துவிட்டால் ஏறிய விலை நமக்கில்லை. கட்டுரை முடிந்துவிட்டது. ஆனால் அதில் தூக்கம் கெட்டவர் யாருமே இல்லை.

2

வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது ஜான் பீ

(வேண்டாம். மழையைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம்.)

கம்பைநல்லூர், 1984, பங்குனி. கணவர் இறந்தபின் வியாபாரத்தை நடத்தும் ஜான் பீ, காட்டுப் புளியமரங்களை ஏலத்தில் எடுத்திருக்கிறார். கொட்டகை நிறையப் புளி. பாதியை விற்று ஏலத் தவணையைக் கட்டிவிட்டு, மீதியை உப்புப் போட்டு மிதித்து, பாயில் சுற்றி, விலை ஏறும்வரை வைப்பது அவர் யோசனை. பாதிக்குச் சரியான விலை வராவிட்டால் முழுவதையும் இப்போதே விற்கவேண்டி வரும். தவணை தவறினால் மரங்களே போகும்.

3

சேலத்து வியாபாரி குப்புராஜ் ஒரு சுளையைப் பிய்த்துப் பார்த்தார்.

"நெறம் கம்மியா இருக்குதுங்களே, பாயம்மா."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருங்க. செக்கச்செவேல்னு இருக்குது."

"மைசூர்ச் சரக்கு லாரி லாரியா தொப்பூர்க் கணவாய் எறங்குதுங்க."

"அப்ப அதையே வாங்கிக்கறது. இங்க எதுக்குங்க வந்தீங்க?"

சுற்றி நின்ற வியாபாரிகள் சிரித்தார்கள். அவர்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளைத் துண்டால் மூடி, விரல் பிடித்துப் பேசுவார்கள்.* அந்நிய ஆணின் கையைத் தொடாத ஜான் பீக்காகத் தம்பி காசிம் கை நீட்டினான்.

துண்டுக்குள் குப்புராஜ் விரலைப் பிடித்ததும் காசிமின் முகம் வெளுத்தது.

"டேய், லாரிக் கதையெல்லாம் நம்பாத. கைய உருவிக்க."

"இரு அக்கா, பேசிக்கிட்டுத்தான இருக்கறோம்."

* ஒருவர் குறைத்து விற்றது வெளியே தெரியாததால் சந்தை ஒரேயடியாகச் சரியாது. நல்ல ஏற்பாடு, வெளியே நிற்பவர் நீங்களாக இல்லாதவரை.

4

முடிவு ஒன்று: காசிம் கையை உருவிக்கொள்கிறான். குப்புராஜ் பஸ் ஏறுகிறார். மறுநாள் விலை இன்னும்

முடிவு இரண்டு: பாதிச் சரக்குக்கு மட்டும் விலை படிகிறது. (எழுதி அடித்துவிட்டேன். எது சரியென்று புரட்டாசியில்தான் தெரியும். நான் புரட்டாசிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறேன். ஜான் பீ பங்குனியில் நிற்கிறார்.)

எழுதுகிறவன் துண்டை விலக்கிப் பார்க்கலாம். ஜான் பீயால் முடியாது. அதனால் நானும் பார்க்கவில்லை.

குப்புராஜின் விரல்கள் நின்றுவிட்டன. இதுதான் கடைசி விலை. காசிம் அக்காவை நிமிர்ந்து பார்க்கிறான். அவனால் வாயைத் திறக்க முடியாது. அக்காவால் விலையைக் கேட்கவும் முடியாது. அவர் தலையசைத்தால் முடிந்தது, பிறகு மாற்ற வழியில்லை.

அவன் முகத்தை நன்றாகப் பாருங்கள். தலையை நீங்கள்தான் அசைக்கவேண்டும்.