கூடைக்கு இரண்டு

அறுபத்தொன்றாம் வருஷம் இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்துப் பாலர் வகுப்புக்கு நான் வாத்தியாரானேன். அட்டனில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவன் தோட்டத்திலேயே நான் ஒருவன்தான் என்பதைத் தவிர வேறு தகுதி கேட்கப்படவில்லை. வகுப்பு என்பது, தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பிராவை ஒட்டிய ஒரு தகர அறை. இருபத்திரண்டு பிள்ளைகள்.

தோட்டத்தை நடத்தும் தொரை ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஆடி மாதம் வரும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், இந்தப் பிள்ளைகளுக்குப் பத்து வரை எண்ணத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தால் அறை எங்களுக்கு. இல்லையென்றால் உர மூட்டைகளுக்கு. மூட்டைகளுக்கு எண்ணத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

தேயிலை விதைகள் பத்தைத் தரையில் வைத்தேன். ஆறு வயது அம்மாக்கண்ணு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பத்தில் விரல் நின்றது.

"எத்தன?"

"எட்டுங்க சார்."

"இப்பதான பத்துன்னு எண்ணுன?"

"எண்ணுனா பத்துங்க. கூடைக்கு ரெண்டு போயிரும்ல."

மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று கற்ற கணக்கு அது. தராசு பன்னிரண்டு றாத்தல் காட்டும்; கணக்கப்பிள்ளை பழனியாண்டி பத்து என்று கூவுவார். கூடையின் எடைக்கு இரண்டு. மழை நாளில் ஈரத்துக்கு இன்னும் ஒன்று. என் பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியாது என்று சொல்ல முடியாது. கழித்தலையும் சேர்த்தே தெரிந்து வைத்திருந்தார்கள்.

"இங்க கூடையே இல்லியே," என்றேன்.

"சாக்குல கொண்டாந்தாலும் கழிப்பாங்க சார்," என்றான் சின்னத்தம்பி, என் அறியாமைக்கு வருந்துகிறவனைப் போல.

பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். எட்டு என்றான். எந்த இரண்டு என்னுடையது இல்லை என்று கேட்டேன். நன்றாகப் பார்த்துவிட்டு என் இரண்டு சுண்டுவிரல்களையும் மடக்கி வைத்தான்.

இனம் பிரிக்கும் பாடம் இதைவிட மோசம். இலைகளைக் கொட்டி, பெரியது ஒரு குவியல், சிறியது ஒரு குவியல் என்றேன். சிறியவை அழகாகக் குவிந்தன. பெரியவை சன்னல் வழியே வெளியே போயின. முத்தல் இலையைக் கணக்கப்பிள்ளை கூடையிலிருந்து எடுத்து வீசுவதை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "அந்தக் கழிக்கிறதப் பத்திக் கணக்கப்பிள்ளகிட்ட ஒரு வார்த்த பேசட்டுமாம்மா?"

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "நீ பாடம் நடத்து தம்பி. நா நாளைக்கும் அவருகிட்டதான் நிறுக்கணும்."

அதன்பின் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். கழிக்காமல் சொல்கிறவர்களுக்கு ஒரு சிட்டிகை சீனி. இரண்டு வாரத்தில் என் வீட்டுச் சீனி டப்பா காலியானது. பிள்ளைகள் பத்தைப் பத்து என்றார்கள், வெயில் நாட்களில். மழை பெய்யக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஆடி மாதத்தில், அக்கரப்பத்தனையில்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கொட்டுகிற மழையில் வந்தார். அவருக்குக் குடை பிடித்து வந்தவர் பழனியாண்டி. கூரை ஒழுகி விதைகளெல்லாம் நனைந்திருந்தன.

"பிள்ளை, இதில எத்தினை கிடக்கு?"

அம்மாக்கண்ணு பத்து வரை எண்ணி என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். வாயைத் திறந்தவள், குடையோடு நின்ற பழனியாண்டியைப் பார்த்துவிட்டாள்.

"ஏழுங்க."

"மிச்சம் மூண்டும் எங்கை போயிட்டுது?"

"கூடைக்கு ரெண்டு. ஈரத்துக்கு ஒண்ணு." பிறகு மரியாதையாகக் கேட்டாள்: "சரிதானுங்களே, கணக்கப்பிள்ளைய்யா?"

பழனியாண்டி குடைக் கம்பி ஒன்றைக் கவனமாக ஆராய்ந்தார்.

"மாஸ்டர், நீரோ இப்பிடிச் சொல்லிக் குடுத்தனீர்?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. சன்னலுக்கு அப்பால், எதிர் மலையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். அதில் அம்மா யாரென்று இங்கிருந்து தெரியவில்லை.

"ஆமாங்க," என்றேன்.

"மாஸ்டரு சின்ன வயசுங்க. போகப் போகத் திருந்திருவாரு," என்று பழனியாண்டி எனக்காகப் பரிந்து பேசினார்.

இன்ஸ்பெக்டர் நெடுநேரம் எழுதினார்.

திங்கட்கிழமை உர மூட்டைகள் வந்தன. பிள்ளைகளை வரிசையாகப் பிள்ளைக்காம்பிராவுக்கு அனுப்பினேன், தலை தொட்டு எண்ணியபடி. கடைசியாக வந்த அம்மாக்கண்ணு வாசலில் நின்றாள்.

"எத்தன பேருங்க சார்?"

"இருபத்திரெண்டு."

அவள் நகரவில்லை. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"பத்தொம்பது," என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.